வண்டி வராத சனிக்கிழமை

இரண்டேகாலுக்கு ஆட ஆரம்பித்தது, மூன்றேகாலுக்கு நிறுத்த வேண்டும், நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மரகதவல்லிக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் கிடையாது. ஆட்டுகிற இயந்திரம் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று நிதானமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஊறுகாய் போட்டுவைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் பால் பவுடர் கரைத்த தண்ணீரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைத் தாள். தாள் என்றால் நெறியாளர் தண்டபாணி சாருக்குக் கோபம் வரும், மெம்பரேன் என்று சொல்ல வேண்டும். அதில் டெங்கு வந்த செல்களின் புரதமும் வராத செல்களின் புரதமும் பத்து லேன்களில், பத்துப் பேர் வரிசையாக நிற்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆடி முடித்து, மூன்று தடவை கழுவி, மேலே ஒளிர்கிற மருந்தை ஊற்றிப் படம் எடுத்தால் கறுப்புக் கோடு விழும். விழ வேண்டும். அதுவரை டப்பாவைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தாலும் வெள்ளைத் தாள் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனாலும் கூடாது, பார்த்தால் கோடு வராது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, இந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே போல, முதல் தடவை கோடு வந்த அன்று என்ன போட்டிருந்தோமோ அதையே மறுபடியும் போட வேண்டும். அதனால்தான் இந்த மே மாத வெயிலில், ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டையோடு இருக்கும் கடுகு நிறத் துப்பட்டா அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. காலையில் அடுத்த மேஜை ஷாஹிதா, “துப்பட்டா வந்தாச்சாக்கா? அப்ப இன்னிக்குக் கோடு நிச்சயம்” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். ஷாஹிதாவிடமும் அதிர்ஷ்டப் பேனா ஒன்று உண்டு, அது எழுதி இரண்டு வருஷமாகிறது. மாதிரிகளைச் சுழற்றுகிற சென்ட்ரிஃபியூஜின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, துடைக்க ஒருவருக்கும் தைரியமில்லை. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறவர்கள் இப்படியா என்று கேட்டால், ஆமாம், இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத சரக்கோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

ஆறு வருஷம் நான்கு மாதம். நீட்டிப்பு வாங்கி, நீட்டிப்புக்கு நீட்டிப்பு வாங்கி, இனி நீட்ட இடமில்லாத ஓரத்துக்கு வந்தாயிற்று. திங்கட்கிழமை பத்தரைக்கு ஆய்வுக் குழு உட்காருகிறது. மூன்று தடவையும் ஒரே மாதிரி கோடு வந்தது என்று காட்டினால், சரி, எழுதிச் சமர்ப்பி என்பார்கள். இரண்டு தடவை வந்துவிட்டது. இது மூன்றாவது. வராவிட்டால் என்ன என்கிற இடத்துக்கு அவள் மனம் போய் எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்துவிடும், இருட்டான கழிப்பறையைத் திறந்து பார்த்தவர்கள் மாதிரி. கோடு என்ன கோடு? செல்லுக்குள் பழையது, உடைந்தது, கெட்டுப்போனது எல்லாவற்றையும் செல்லே பையில் கட்டும். கட்டிய பையைக் கரைக்கிற இடத்துக்கு அனுப்பிக் கரைத்து, கிடைத்த சத்தைத் தானே தின்றுவிடும். தன்விழுங்கல். அந்தப் பையின் மேல் ஒட்டிக்கொள்கிற ஒரு புரதம்தான் கோடாக விழுகிறது. கோடு தடித்தால் பை கூடியிருக்கிறது. டெங்கு வந்த செல்லில் கோடு நன்றாகவே தடித்திருந்தது, ஆகவே ‘டெங்கு வைரஸ் தன்விழுங்கலை அதிகரிக்கிறது’, இதுதான் தலைப்பு, இதுதான் ஆறு வருஷம் நான்கு மாதம். கல்யாணமான புதிதில் மாமியார், “அம்மாடி, அப்படி என்னதான் படிக்கிற?” என்று கேட்டபோது, “செல்லு தன்னையே தின்னுறது அத்தை” என்றாள். அத்தை பதறிப்போய், “ஐயையோ, ஏன், அதுக்கு யாரும் சோறு போடலையா?” என்றார். யோசித்துப் பார்த்தால் அது அருமையான கேள்வி, பட்டினி போட்டால் செல் அதைத்தான் செய்யும், ஆய்வுக் குழுவில் இதுவரை ஒருவர்கூட அப்படி நேராகக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் அவள் தட்டில் மட்டும் இரண்டு தோசை கூடுதலாக விழும். பெரியம்மாவோ வாட்ஸப்பில், ஏகாதசி விரதம் இருந்தால் செல்லே டெங்குவைத் தின்றுவிடுமாமே, நோபல் பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார்களாமே என்று அனுப்பினார். அப்படியில்லை பெரியம்மா, டெங்கு பிடிபடுகிற ஜாதி இல்லை, பிடிக்க வந்த ஜீப்பிலேயே ஏறி உட்கார்ந்து ஊர் சுற்றுகிற ஜாதி, தன்னை அள்ள வந்த பையையே தனக்கு ரூமாக வைத்துக்கொள்ளும் என்று மூன்று பத்தி தட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவைத்தாள். கை போனதும் பெரியம்மா விரதத்தை ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு இருபத்தாறு. கரண்டு போனால்? ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றால் கையால் ஆட்டலாம், போன வருஷம் ஒரு தடவை நாற்பது நிமிஷம் ஆட்டியிருக்கிறாள், தோள்பட்டை இறங்கிவிட்டது, அன்று கோடும் வரவில்லை. ஆனால் அன்று துப்பட்டா வேறு. பால் பவுடர் டப்பா காலியாகிக்கொண்டு வருகிறது, யாரோ டீக்குப் போடுகிறார்கள், ‘சோதனைக்கு மட்டும்’ என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள், ஒட்டிய பிறகு கொஞ்சம் வேகமாகவே காலியாகிறது. டீ. காலையில் டீகூடக் குடிக்கவில்லை. சண்டை. புருஷன் பூபதியோடு. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, அவள்தான் பேசினாள், அவன் ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பரணைக் காலி பண்ணுங்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, பூபதிக்கு பாங்கில் லீவு கிடைத்ததும் மனிதன் மூன்று நாளாக இறக்கிக் கட்டி, இறக்கிக் கட்டி, வாசலுக்கு வெளியே படிக்கட்டோரம் ஏழு கறுப்புப் பை. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது மூன்றாவது பை தடுக்கியது. அங்கேதான் ஆரம்பம். “எடுத்துக் கட்டிட்டீங்க, சரி. யாரு இதைக் கீழ கொண்டுபோறது?” என்றாள். “குப்பை வண்டி வந்தா போயிட்டுப் போகுது. ஏழு பை மரகதம், எண்ணிப் பாரு, எவ்வளவு வேலை பாத்திருக்கேன்” என்றான் அவன், பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டுகிற முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்தாவது விட்டிருக்கலாம். விடவில்லை. “பை கூடினா வேலை நடந்துச்சுன்னு அர்த்தமா? பை போனாத்தாங்க அர்த்தம். தெருமுனையில குழி தோண்டிப் போட்டு, பத்து நாளா வண்டி உள்ள வரல. தினம் ஒரு பை கட்டி வெளிய வச்சிருந்தாக்கூட இந்நேரம் பத்துப் பை சேர்ந்திருக்கும். இது நீங்க வேலை பாத்ததுக்குச் சாட்சி இல்ல, வண்டி வராததுக்குத்தான் சாட்சி.” என்ன தெளிவு! பஸ்ஸில் வரும்போது அதை இன்னும் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், இரண்டாவது தடவை ‘சாட்சி’க்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாள், நன்றாக இருந்தது. இறங்கும் இடத்துக்கு வருவதற்குள் அவன் தலைமுடியில் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பாவம். ஆனாலும் தான் சொன்னது சரிதானே. சரிதான். நூற்றுக்கு நூறு சரி. பை கூடினால் வேலை நடந்தது என்று அர்த்தமில்லை. இதில் என்ன தப்பு? தப்பில்லை. பிறகு ஏன் ரவிக்கைக்குள் தையல்காரர் விட்டுவிட்ட ஊசி மாதிரி, எங்கே என்று தெரியாமல், ஆனால் குத்துகிறது?

எழுந்து போய் டப்பாவின் பக்கத்தில் நின்றாள், பார்க்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். சாய்ந்தது, நிமிர்ந்தது. இரண்டு நாற்பத்தொன்பது. ஃபோன் நடுங்கியது. பூபதி. எழுத்தாக அதிகம் இல்லை, ஒரு படம், அதற்குக் கீழே ‘இப்பவாவது பாரு’. பைகளை அளவு வாரியாக அடுக்கி, வெள்ளை டைல்ஸ் தரையில் வரிசை பிசகாமல் நிறுத்தி, இரண்டு படி மேலே ஏறி நின்று எடுத்திருக்கிறான். இடது ஓரத்தில் சின்னது, பிறகு கொஞ்சம் பெரியது, வலது பக்கம் போகப் போகக் குண்டு குண்டாக. வெள்ளையில் கறுப்பு. சின்னதிலிருந்து பெரியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, இந்த மனுஷனுக்கு என்ன ஒழுங்கு, அப்படியே நம்ம கோடு மாதிரியே, டெங்கு வராத செல் இந்த ஓரம், டெங்கு வந்து பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநாலு, நாற்பத்தெட்டு, அந்தக் கடைசிக் குண்டுப் பைதான் எட்டாவது லேன் என்று நினைத்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. பை கூடினா வேலை நடந்துச்சுன்னு அர்த்தமா. அவள் குரல்தான். சாட்சிக்கு முன்னால் இடைவெளி விட்ட அதே குரல். கோடு தடித்தால் பை கூடியிருக்கிறது, சரி, பை ஏன் கூடியது? செல் விழுந்து விழுந்து கட்டியதாலா? அல்லது டெங்கு தெருமுனையில் குழியைத் தோண்டிப் போட்டு, கரைக்கிற இடத்துக்கு ஒன்றும் போகாமல், கட்டியது கட்டியபடியே வாசலில் குவிந்ததாலா? இரண்டுக்கும் கோடு ஒன்றுதானே. ஒரே தடிமன். ஒரே கறுப்பு. வேலை நடந்ததற்குச் சாட்சி இல்லை, வண்டி வராததற்கும் சாட்சியாக இருக்கலாம். ஐயோ. மரகதவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஸ்டூல் கொஞ்சம் தள்ளி இருந்தது, கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்தாள். தெரியாத விஷயமா இது? முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும். வண்டியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கிற மருந்து போட்டு ஒரு சோதனை செய்யாமல் இந்தக் கோட்டை நம்பக் கூடாது என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறது, அவளே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள், அதுவும் பச்சை மையில். மூன்றாம் வருஷம் சாரிடம் கேட்டாள். “அது எல்லாரும் வழக்கமா கேக்கிறதும்மா. யாராவது கேட்டா அப்ப பாத்துக்கலாம்” என்றார். இரண்டு கருத்தரங்கில் யாரும் கேட்கவில்லை. கேட்காததே பதில் மாதிரி ஆகிவிட்டது. தெரிந்தே இருந்தது, ஆனால் பச்சை மையாக இருந்தது. உறைக்கவில்லை. புருஷனின் ஏழு பையில் உறைத்தது மூன்றரை விநாடியில், நாம் கட்டி வைத்த பையில் உறைக்க மூன்றரை வருஷம். அவன் மட்டும் இங்கே இருந்திருந்தால் ஒட்டடைக் கம்பை அவள் கையில் கொடுத்திருப்பான்.

சரி, பதறாதே. யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மேற்கொண்டு செய்யப்போகிறோம் என்று சொல்லலாம், அது எல்லோரும் சொல்வது. இந்தப் படத்தில் எட்டு லேன் இருக்கும், எட்டும் அழகாக, ஒன்றைவிட ஒன்று தடிப்பாக... எட்டா? பத்து. பத்து லேன் என்று ஆரம்பத்திலேயே இருக்கிறதே. ஒன்பதிலும் பத்திலும் என்ன போட்டேன்? சாருக்குச் சட்டம் ஒன்று உண்டு, புரதங்களை ஓடவிடுகிற ஜெல்லில் லேனைக் காலியாக விடக் கூடாது. காலியாக விட்டால் ஓரத்துக் கோடுகள் வளைந்து சிரிக்கும் என்பது அறிவியல், காலியிடம் விட்டால் அந்தச் சோதனையே விளங்காது என்பது சார். அதனால் நேற்று எட்டு மாதிரியைப் போட்டுவிட்டு, மீதி இரண்டுக்கு எதையாவது போட வேண்டுமே என்று ஃப்ரீஸரைத் துழாவினாள். அடியில், பனிக்குள், மூன்று மாதத்துக்கு முன்னால் எதிர் ஆய்வுக்கூடத்திலிருந்து மலேரியா மருந்து கொஞ்சம் வாங்கி வந்து, மிச்சமிருந்த இரண்டு தட்டுச் செல்களில் சும்மா போட்டுப் பார்த்து, அப்படியே மறந்துபோன இரண்டு குப்பி. ‘குளோரோகுயின், தொற்று இல்லை’, ‘குளோரோகுயின், தொற்று 48’. மலேரியா மருந்துதான், ஆனால் செல்லுக்குள் அது பண்ணுகிற வேலை, கரைக்கிற இடத்தைக் கரைக்கவிடாமல் செய்வது. வண்டியை நிறுத்துகிற மருந்து. அதைத்தான் ஒன்பதிலும் பத்திலும் போட்டிருக்கிறாள். சகுனத்துக்குப் போட்டிருக்கிறாள். இப்போது கணக்கு சின்னப் பிள்ளைக்கும் புரியும். டெங்கு செல்லில் வண்டி ஓடிக்கொண்டிருந்தால், மருந்து அதை நிறுத்தும்போது பை இன்னும் குவியும், பத்தாவது கோடு எட்டாவதைவிடத் தடிக்கும், தலைப்பு பிழைக்கும். டெங்கு ஏற்கெனவே வண்டியை நிறுத்திவிட்டிருந்தால், நின்ற வண்டியை மறுபடி நிறுத்த முடியாது, எட்டும் பத்தும் ஒன்றாகவே இருக்கும், ஆறு வருஷம் நான்கு மாதம் தலைகீழாகும். கேள்வி கேட்க ஆளில்லை என்று நினைத்தாளே, கேள்வி டப்பாவுக்குள் ஆடிக்கொண்டிருந்தது, அவளே ஊற்றிவைத்தது. கத்தரிக்கோல் மேஜை மேலேயே இருந்தது. ஓரம்தான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு வெட்டு. வெட்டிய துண்டு குப்பையில். யாருக்குத் தெரியும்? எடுத்தாள். எடுத்துப் பார்த்தாள், கூர்மை போதுமா என்று விரல் நுனியால் தொட்டுக்கூடப் பார்த்தாள். டப்பாவைத் திறக்க வேண்டும். திறந்தால் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாது. பார்த்தால் கோடு வராது. அந்தப் பாழாய்ப்போன சட்டம் அவளைக் கத்தரிக்கோலோடு அங்கேயே ஐந்து நிமிஷம் நிற்கவைத்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றேகால்.

முதல் கழுவல், இரண்டாவது கழுவல், மூன்றாவது கழுவல். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் என்று சீட்டில் இருக்கிறது, பயத்தில் பன்னிரண்டு நிமிஷம் கழுவினாள். திங்கட்கிழமை, சார் முகம், அத்தையின் தோசை, முனைவர் என்று போடுவதற்காகக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் அப்பா விட்டுவைத்த இடம் (‘பின்னால பேனாவால எழுதிக்கலாம்மா’), எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கத்தரிக்கோலைக் கீழே வைத்தது அவளுக்கே ஞாபகமில்லை. ஒளிர்கிற மருந்தை ஊற்றி, படமெடுக்கிற இயந்திரத்துக்குள் வைத்து, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் போனால் என்ன, திரையில் சதுரம் ஒன்று இருக்கிறது, அதை இழுத்து எது வரை வேண்டுமோ அது வரை படம் பிடிக்கலாம். சதுரம் எட்டாவது லேனோடு நின்றிருந்தது, போன இரண்டு தடவை வைத்த அளவு. பத்து விநாடி. இருபது. சாம்பல் திரையில் முதலாவது கோடு மெல்ல வந்தது, அடுத்தது, அடுத்தது, எட்டாவது நல்ல கொழுப்போடு வந்து உட்கார்ந்தது. மூன்றாவது தடவையும் வந்துவிட்டது. இங்கே நிறுத்தினால் திங்கட்கிழமை இட்லி இறங்கும். மரகதவல்லிக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே சதுரத்தின் ஓரத்தைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள், காலையில் ஒருத்தனை வாசலில் நிறுத்திவைத்துச் சாட்சி, சாட்சி என்று பேசிய வாயை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய. ஒன்பது தடித்திருந்தது, ஆரோக்கியமான செல்லில் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது, மருந்து நிறுத்தியதும் பை குவிந்திருக்கிறது. மருந்து வேலை செய்கிறது. பத்து. பத்தையும் எட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இயந்திரத்தை அளக்கச் சொன்னாள், அது அளந்து இரண்டு எண்ணைக் கொடுத்தது. அச்சு அசலாக ஒன்று. தெருமுனையில் குழி.

கதவு திறந்தது. மதியத் தூக்கம் முகத்தில் பாதி ஒட்டியிருக்க, தண்டபாணி சார் தலையை மட்டும் நீட்டினார். “என்னம்மா, வந்துச்சா?”

“பை வந்துச்சு சார்” என்றாள் மரகதவல்லி. “வண்டி வரல.”

சார் அவளைப் பார்த்தார், துப்பட்டாவைப் பார்த்தார், சனிக்கிழமைகளில் எல்லாம் பிள்ளைகளை வரச்சொல்லக் கூடாது என்று நினைத்தவர் மாதிரி உள்ளே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் குனிந்தார். அவள் எட்டைக் காட்டினாள், பத்தைக் காட்டினாள். முப்பது வருஷம் கோடு பார்த்த கண், அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் காது மடல் இரண்டும் சிவந்தன. குரலை உயர்த்தாமல், “ஒன்பதுலயும் பத்துலயும் இதை யாரு போடச் சொன்னது?” என்றார்.

“காலியா விடக் கூடாதுன்னு நீங்கதான் சார்.”

சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பச்சை மையில அடிக்கோடு போட்டுக் கொண்டாந்து காட்டுனியே, அன்னிக்கே செஞ்சிருக்கணும்” என்றார். பிறகு, “திங்கட்கிழமை நான் சொல்றேன், நீ பேசாதே. ஆறு மாசம் கேப்போம். குடுக்கலைன்னா என் பேரைச் சொல்லிச் சண்டை போடுவோம். தலைப்புல ஒரு வார்த்தைதானேம்மா மாத்தணும்” என்றார். ஒரு வார்த்தைதான். அதிகரிக்கிறது என்கிற இடத்தில் தடுக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, துப்பட்டாவின் கருகின ஓட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

ஃபோன் மறுபடி நடுங்கியது. பூபதி. இந்தத் தடவை வெறும் வெள்ளை டைல்ஸ், ஒரு பையும் இல்லை, ஓரத்தில் துடைப்பம் மட்டும். கீழே எழுதியிருந்தான்: ‘வண்டி முனை வரைக்கும் வந்துச்சு. குழியைத் தாண்டி நானே தூக்கிட்டுப் போய்ப் போட்டேன். ஏழும். இப்பவாவது வேலை பாத்தேன்னு ஒத்துக்கிறியா?’

மரகதவல்லி இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, ‘ஒத்துக்கிறேன்’ என்று தட்டினாள்.